மூன்றாம் பங்கு

நனைந்து பிறகு வெயிலில் காய்ந்த சாணித்தாளுக்கு ஒரு வாசனை உண்டு; வைக்கோலும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல இருக்கும், உள்ளே லேசாகக் கோந்தின் புளிப்பும் வரும். மாங்காட்டிலிருந்து கரையான்சாவடியை நோக்கி நடந்துகொண்டிருந்த என்னை அந்த வாசனைதான் ஒரு பழைய பேப்பர் கடை வாசலில் நிறுத்தியது. பேருந்து ஒன்று பக்கத்தில் வந்து நின்று போயிற்று, நான் ஏறவில்லை. ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் "அண்ணாத்தே, பூந்தமல்லியா?" என்று தலையை நீட்டிக் கேட்டார், கையை ஆட்டி அனுப்பிவிட்டேன். ஜெயா அக்காவின் வீட்டிலிருந்து அப்போதுதான் கிளம்பி வந்திருந்தேன். ஏறத்தாழ முப்பது வருடமாக ஒரே கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தவன், அதைக் கேட்க வேண்டியவரிடம் அன்றைக்குத்தான் கேட்டு முடித்திருந்தேன். ஒரு பதில் கிடைத்திருந்தால் பேருந்தில் ஏறியிருப்பேன். இரண்டு கிடைத்துவிட்டன, அதனால்தான் நடந்தேன்.

கேள்வியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆறாவது படித்த வருடம் என் அம்மா வீட்டைவிட்டுப் போனாள், என்னை விட்டுவிட்டுப் போனாள். நான் சொன்னதால்தான் என்னை விட்டுவிட்டுப் போனாளா, நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் அப்படித்தான் போயிருப்பாளா? இது தெரிய வேண்டுமானால், அட்டையில்லாமல், பெயர் தெரியாமல், நான் பாதி படித்த ஒரு மாத நாவலின் மூன்றாம் பங்கில் என்ன எழுதியிருந்தது என்பது தெரிய வேண்டும். கேட்பவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றும். அதனால் பங்கு என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஆவடியில் ஃபேக்டரிக் குடியிருப்பில் எங்கள் வீடு இருந்தது. எங்கள் வாயில் அது "கோட்ரஸ்". மஞ்சள் சுண்ணாம்பு அடித்த மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும், ஒரு மாடிப்படிக்கு ஆறு வீடு. மதுரைப் பக்கம், தஞ்சாவூர்ப் பக்கம், சேலத்துப் பக்கம் என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்த ஆண்கள், அவர்களுக்குக் கழுத்தை நீட்டிவிட்டுப் பின்னாலேயே வந்த பெண்கள். தாளிக்கும் எண்ணெயிலிருந்து பொங்கல் வைக்கும் நேரம் வரை வீட்டுக்கு வீடு வேறு வேறு. பொதுவாக இருந்தது பகல்தான். ஆண்கள் ஷிஃப்டுக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, தண்ணீர் பிடித்து, துணி உலர்த்தி, குழம்பை இறக்கி வைத்த பிறகு, மிச்சமிருக்கும் நீளமான பகல். அந்தப் பகலுக்காகத்தான் மாத நாவல் வந்தது.

ஆவடி பேருந்து நிலையத்துக் கடைகளில் அவை கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கும். ஒல்லியாக, சாணித்தாளில், முதுகில் இரண்டு பின் அடித்து இருக்கும். உள்ளே எப்போதும் ஒரு வீடு. வீட்டில் ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு மாமியார் அல்லது கொழுந்தன், பூட்டிய ஒரு பீரோ. யாராவது ஒருவர் பாலில் எதையோ கலப்பார். யார் என்பது கடைசியில்தான் தெரியும், அதுவும் நாம் நினைத்தவராக இருக்கமாட்டார்.

ஆறு பெண்களுக்கு ஒரு புத்தகம், ஆறு பேருக்கும் ஓய்வு ஒரே நேரத்தில். இதற்கு எங்கள் மாடிப்படிப் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். மாதம் ஒரு வீடு நாவல் வாங்க வேண்டும். வாங்கியவர் முதலில் முழுவதையும் படித்துவிடலாம், அது அவருக்கு உரிமை. படித்து முடித்ததும் கத்தி நுனியால் பின்னைக் கழற்றி, புத்தகத்தை நாலாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஊசி நூலால் தைத்து வீடுகளுக்கு அனுப்புவார். அதுதான் "பங்கு". அட்டை மட்டும் வாங்கியவரிடமே தங்கிவிடும், ஏனென்றால் அட்டையில் ஈரப் புடவையும் கத்தியுமாக ஏதாவது படம் இருக்கும், வீட்டு ஆண்கள் கண்ணில் பட்டால் வம்பு. ஆகவே எங்கள் கதைகளுக்குத் தலைப்பு கிடையாது, எழுதியவர் பெயரும் கிடையாது. "டீச்சரம்மா வாங்கினது", "ஜெயா வாங்கினது" என்றுதான் அடையாளம்.

சட்டங்கள் இரண்டு இருந்தன. முடிவைச் சொல்லக் கூடாது, சொன்னவர் அடுத்த மாதமும் தானே வாங்க வேண்டும் என்பது ஒன்று. ஒரு பங்கு கிழிந்தாலோ நனைந்தாலோ தொலைந்தாலோ, அதைக் கடைசியாகப் படித்தவர் அடுத்தவருக்கு வாயால் சொல்லிவிட வேண்டும் என்பது இன்னொன்று. இதற்கு "வாய்ப்பங்கு" என்று பெயர். மாடி வீட்டு டீச்சரம்மா, "கூட்டாம குறைக்காம சொல்லணும், உங்க சொந்தச் சரக்கெல்லாம் வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அது யாருக்காகச் சொன்னது என்று எல்லோருக்கும் தெரியும். கீழ் வீட்டு ஜெயா அக்கா சொன்ன வாய்ப்பங்குகளில் செத்தவர்களே எழுந்து நடந்திருக்கிறார்கள்.

ஜெயா அக்கா மட்டும்தான் அங்கே இந்த ஊர்க்காரர். பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்த பேச்சு. "அவன் நல்லவன் மாதிரியே கீறான், நம்பாத தனம். பொஞ்சாதிக்கு ஹார்லிக்ஸ் கலக்கிக் குடுக்கிற புருசன் எந்த ஊட்ல கீறான்? அதுலதான் வெசம்" என்பார். தனம் என் அம்மா. யாரோ அடுத்த பிளாக்கில் குடியிருப்பவனைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று புதிதாக வந்தவர்கள் பயந்துபோவார்கள்.

அம்மா படித்து முடித்ததும் பங்கு என் கைக்கு வரும். பாடப் புத்தகத்தை நான் சரியாகப் படித்ததில்லை, கணக்கில் முட்டை வாங்குவேன். இதை மட்டும் மூச்சு விடாமல் படிப்பேன். எந்த வீடு முன்னால் முடித்ததோ அந்தப் பங்கு முன்னால் வரும் என்பதால் வரிசை எப்போதும் தாறுமாறாக இருக்கும். ஒருத்தி செத்துக் கிடப்பதைத் திங்கட்கிழமை படிப்பேன், அவளுக்குக் கல்யாணம் வியாழக்கிழமைதான் நடக்கும். கல்யாண வீட்டில் அவள் சிரிக்கும்போது அவள் சாகப் போவது எனக்கு மட்டும் தெரியும். குழப்பம் என்பது எனக்கு அந்த வயதிலேயே பழகிவிட்டது, பிடித்தும்விட்டது. யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாமலே ஒரு வீட்டுக்குள் நுழைந்து, எல்லோர் முகத்தையும் பார்த்து, இவரா அவரா என்று யோசித்துக்கொண்டே இருக்கும் சுகம் வேறு எதிலும் இல்லை.

அந்தக் கண்ணோடு எங்கள் வீட்டையும் பார்த்தேன். அப்பாவின் இரும்புப் பெட்டி பூட்டியே இருக்கும். ஒரு நாள் சாவி கிடைத்துத் திறந்தபோது பழைய காக்கிச் சட்டைகளும், வெடித்த பூட்ஸ் ஒரு ஜோடியும், பிள்ளையார் படமும் இருந்தன. எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. எங்கள் வீட்டில் கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை என்று நினைத்தேன்.

ஒன்று இருந்தது. அது கண் முன்னாலேயே இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. அப்பா அம்மாவோடு பேசமாட்டார். குடிக்கமாட்டார், அடிக்கமாட்டார், சம்பளத்தை ஒழுங்காகக் கொண்டுவந்து வைப்பார். ஆனால் எனக்கு நினைவு தெரிந்து அவர் அம்மாவிடம் நேராக ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்கும்போதே, "உங்கம்மாகிட்ட சொல்லு, நாளைக்கு எனக்கு முதல் ஷிஃப்டு" என்பார். அம்மா எதிரே உட்கார்ந்திருப்பாள், அவளுக்குக் கேட்டிருக்கும், இருந்தாலும் நான் திரும்பி, "அம்மா, நாளைக்கு முதல் ஷிஃப்டாம்" என்பேன். அம்மா, "சரின்னு சொல்லு" என்பாள். எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று இருந்தேன். எதற்காகப் பேச்சு நின்றது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரோ ஒருவர் கல்யாணத்தில் ஏதோ ஒரு மரியாதைக் குறைவு என்று அத்தை ஒரு முறை சொன்னாள். அந்த நாவல்களில் இப்படி ஒரு கணவனை நான் பார்த்ததே இல்லை. அவற்றில் கெட்டவர்கள் எல்லாரும் நன்றாகப் பேசுவார்கள்.

நான் சொல்ல வந்த நாவல் "ஜெயா வாங்கினது". அந்த முறை அதிசயமாக முதல் இரண்டு பங்கும் வரிசையாகவே வந்தன. மலை ஊர் ஒன்றில் ஒருவன் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான். புதிதாகக் கல்யாணமானவன். படுக்கையில் கிடக்கும் அவன் அம்மாவின் டானிக் பாட்டிலில் யாரோ மருந்தை மாற்றிவிடுகிறார்கள். ஒரு நாள் மனைவி இருட்டறையில் ஒரு நெகட்டிவைத் தூக்கி விளக்கில் பார்க்கிறாள். அவளுடைய படுக்கையறை அதில் இருக்கிறது, கட்டில் விளிம்பில் வேறு யாரோ ஒரு பெண்ணின் கை இருக்கிறது. இரண்டாம் பங்கு அத்தோடு தைத்து முடிந்திருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து மூன்றாம் பங்கைக் கேட்டேன். அம்மா சமையலறையில் காலை நீட்டி உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அது தண்ணித் தொட்டில விழுந்து நனைஞ்சு போச்சுடா. நான் சொல்றேன், உக்காரு."

"கூட்டாம குறைக்காம சொல்லணும்" என்றேன், டீச்சரம்மா குரலில். சிரித்தாள்.

"அவ வீட்டை விட்டுக் கிளம்பிர்றா" என்றாள்.

"மருந்தை மாத்தினது யாருன்னு தெரிஞ்சு போச்சா?"

"அது தெரியல. ஆனா கிளம்பிர்றா. பையில துணி எடுத்து வச்சுட்டா. பிள்ளை தூங்கிட்டு இருக்கு."

"பிள்ளையா? அவளுக்குப் பிள்ளையே இல்லையேம்மா."

"இருக்கு. இப்பத்தான் சொல்றாங்க."

எனக்குப் புல்லரித்தது. இரண்டு பங்கு முழுக்க ஒரு பிள்ளையை மறைத்து வைத்திருந்து மூன்றாவதில் எடுத்துக் காட்டுகிறார்கள் என்றால் எழுதியவர் சாதாரண ஆள் இல்லை என்று நினைத்தேன்.

"பங்கு அத்தோட முடியுது" என்றாள் அம்மா. "மிச்சம் நாலாவதுலதான். நீ சொல்லு பாப்போம். பிள்ளையைக் கூட்டிட்டுப் போவாளா, விட்டுட்டுப் போவாளா?"

நான் எத்தனையோ கதை படித்தவன். யோசித்துத்தான் சொன்னேன். "கூட்டிட்டுப் போனா கதை சப்புனு ஆயிரும்மா. அவனுக்குப் பசிக்கும், அழுவான், இழுத்துக்கிட்டே போகும். விட்டுட்டுப் போகட்டும். அப்பத்தான் விறுவிறுப்பா இருக்கும்."

அம்மா ஒரு அவரைக்காயை உரித்து முடித்தாள். "பெரிய ஆளுடா நீ" என்றாள். பிறகு "சரி" என்றாள்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது கதவு பூட்டியிருந்தது, சாவி ஜெயா அக்காவிடம் இருந்தது. உள்ளே கத்தரிக்காய்க் குழம்பும் சோறும் மூடி வைத்திருந்தன. அம்மா கடைக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்துச் சாப்பிட்டேன். அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து, கைகால் கழுவிக்கொண்டே, "உங்கம்மாகிட்ட சொல்லு, இந்த வாரம் ஓவர்டைம் இருக்கு" என்றார். பழக்கத்தில் நானும் சமையலறைப் பக்கம் திரும்பினேன். பிறகு, "அம்மா இல்லப்பா" என்றேன். அப்பா தானே தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

அம்மாவின் பிறந்த ஊரான மதுரையிலிருந்து மாமா வந்து "எங்க தனம்?" என்று எங்களைக் கேட்டபோதுதான் அவள் அங்கேயும் போகவில்லை என்பது தெரிந்தது. கோயம்புத்தூரில் ஒரு மில்லில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். ஏதோ ஒரு கோயிலில் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். அப்பா எங்கேயும் போய்த் தேடவில்லை, புகார் கொடுக்கவும் இல்லை. ஜெயா அக்கா தினமும் காலையில் எனக்குத் தோசை கொண்டுவந்து வைத்துவிட்டு, தலையைச் சீவிவிட்டுப் போவார். ஒன்றும் சொல்லமாட்டார். நாலாம் பங்கு எனக்கு வரவே இல்லை. பெண் இல்லாத வீட்டுக்குப் பங்கு அனுப்பும் வழக்கம் இல்லை. கேட்க எனக்கும் வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். அப்பா அம்பத்தூரில் வாடகை வீடு பார்த்துக்கொண்டு குடியிருப்பைக் காலி செய்தார். ஒன்பதாவது பாதியில் நான் பள்ளியை விட்டேன், அடுத்த வருடம் வீட்டையும் விட்டேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத்து பட்டறையில் இரும்புத் துருவல் அள்ளும் வேலை. படுக்கை பட்டறையிலேயே, குளியல் பம்பு செட்டில். அங்கே ஒரு மதிய நேரம் பஜ்ஜி மடித்து வந்த நாவல் தாள் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். நடுக் கதையில் திடீரென்று ஒரு பிள்ளை வந்தான். "இப்பத்தான் சொல்றாங்க" என்று அம்மா குரல் காதில் கேட்டது. கையிலிருந்த பஜ்ஜியைத் தின்று முடித்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி துருவல் அள்ளப் போனேன். அள்ளிக்கொண்டே இருக்கும்போதுதான் அது உறைத்தது.

அம்மா சொன்னது புத்தகத்தில் இருந்தது என்றால் ஒன்றுமில்லை. ஒரு கதையைச் சொன்னாள், நான் கதைக்கு ஒரு அபிப்பிராயம் சொன்னேன். புத்தகத்தில் இல்லை என்றால், அவள் யாரைப் பற்றிக் கேட்டாள், நான் யாரைப் பற்றிச் சொன்னேன்?

தேட ஆரம்பித்தேன். போட்டோ ஸ்டூடியோ, டானிக் பாட்டில், நெகட்டிவில் ஒரு கை, இவ்வளவுதான் எனக்குத் தெரியும். பழைய பேப்பர் கடையில் வேலை செய்தேன், பைண்டிங் கடையில் வேலை செய்தேன், இரண்டும் அதற்காகத்தான். திருப்பூரில் பனியன் மடித்தேன், ஓசூரில் கேண்டீனில் தட்டுக் கழுவினேன், எங்கே போனாலும் முதலில் அந்த ஊர் நடைபாதைப் புத்தகக் கடையைத்தான் பார்ப்பேன். நூற்றுக்கணக்கில் படித்திருப்பேன். ஒரு முறை ஏறக்குறைய கிடைத்தே விட்டது, மலை ஊர், மாமியார், டானிக் எல்லாம் இருந்தது. ஆனால் கணவன் பல் டாக்டர். அன்றைக்கு முழுக்க அந்தப் பல் டாக்டர் மேல் கோபமாக இருந்தேன்.

இவ்வளவு படித்தவன் என்பதால் சிலர் கேட்பதுண்டு, அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று. இப்போது போனில் படிக்கிறார்கள், வெளிநாட்டுக் கதைகளைத் தமிழில் போடுகிறார்கள், அவற்றிலும் அதே வீடு, அதே மனைவி, காணாமல் போவதும் அதேபோலத்தான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வெளியே இருந்து வரும் திருடனைப் பற்றிப் படிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்ளலாம். இவற்றில் கதவைச் சாத்திய பிறகுதான் கதையே ஆரம்பிக்கிறது. நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர் யார் என்று நமக்குத் தெரியாது என்பதை எல்லாக் குடும்பத்துக்காரர்களும் உள்ளுக்குள் அறிந்துதான் வைத்திருக்கிறார்கள், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதை அச்சில் பார்க்கும்போது ஒரு ஆறுதல். இன்னொன்று, எவ்வளவு குழப்பினாலும் கடைசிப் பத்துப் பக்கத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கிவிடுவார். எனக்கு யாரும் அப்படி உட்கார்ந்து விளக்கியதில்லை. என் அப்பா சாகும்வரை விளக்கவில்லை. அவர் சாவுக்கு நான் போயிருந்தேன், அவர் முகத்தைப் பார்த்தபோதும் இவரா என்றுதான் யோசித்தேன்.

ஜெயா அக்காவை நான் கண்டுபிடித்தது தேடி அல்ல. இரவல் வண்டியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தேன். மாங்காட்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் கதவைத் திறந்த பெண்மணி பார்சலை வாங்காமல் என் முகத்தையே பார்த்தார். "நீ தனம் புள்ள சேகருதானே?" என்றார். தலை முழுக்க வெளுத்திருந்தது, குரல் அப்படியே இருந்தது. "ஞாயித்துக்கெழம வா. வராம போனீன்னு வையி, பார்சல் வரலன்னு கம்ப்ளைண்ட் குடுத்துடுவேன்" என்றார். அதற்குள் வண்டிக்காரர் வண்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டார், வேலை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் போனேன்.

மகனும் மருமகளும் கம்ப்யூட்டர் வேலை. மருமகள் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாள். "மீட்டிங்காம். ஞாயித்துக்கெழமலாம் இன்னா மீட்டிங்கு? மெதுவா பேசுன்றா. மெதுவா பேசினா எனக்குப் பேசின மாதிரியே இல்ல" என்றார் அக்கா. அவர் கணவர் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ மெதுவா பேசினா கரையான்சாவடி வரைக்கும்தான் கேக்கும்" என்றார், திரும்பாமல்.

தோசை சுட்டுப் போட்டுவிட்டு அக்கா எதிரே உட்கார்ந்ததும் நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "அக்கா, நீங்க வாங்கின ஒரு நாவல், போட்டோ ஸ்டூடியோக்காரன் கதை. அதுல மூணாம் பங்குல பொண்டாட்டி வீட்டை விட்டுப் போறாளா?"

நான் வருவேன், இதைத்தான் கேட்பேன் என்று அவர் அந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"அந்தக் கதைல அவ எங்கியும் போவல" என்றார். "ஊட்லயேதான் கீறா. மருந்த மாத்தினதே அவதான்."

"மூணாம் பங்கு நனைஞ்சு போச்சுன்னு அம்மா சொன்னா."

"நனையல. ஒயுங்கா எனக்குத் திரும்பி வந்துச்சு. நான்தான் மறுபடி நாலையும் சேத்துத் தெச்சேன்."

தட்டில் தோசை இருந்தது. அதைப் பிய்த்து வாயில் போட்டேன், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே மென்றேன்.

"உங்கம்மா என்னாண்டயும் வந்தா" என்றார் அக்கா. "இதே மாதிரி எதுர்ல குந்திகினு, 'அக்கா, மூணாம் பங்குல அவ கிளம்பிப் போறாளே, அது சரியா'ன்னா. முயுசா படிச்சவ நானு. அப்டி ஒண்ணும் அதுல கெடையாதுன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவளுக்கும் தெரியும். 'சரிதான் தனம், போவட்டும்'னேன்."

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"கதையா வந்து கேட்டா, கதையாவே சொன்னேன். 'இன்னாடி, உன் சமாசாரமா'ன்னு நான் கேட்டிருந்தா வாய மூடிகினு எழுந்து போயிருப்பா. பேசாத ஊட்ல அவ எத்தன வருசம் குந்திகினு இருந்தான்னு எங்களுக்குத் தெரியாதா?"

அக்காவின் கணவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

அந்த இடத்தில் நான் எழுந்து வந்திருந்தால் ஒரு பதிலோடு வந்திருப்பேன். ஆனால் கேட்டுவிட்டேன். "பிள்ளையைப் பத்தி உங்ககிட்ட கேட்டாளாக்கா? கூட்டிட்டுப் போறதா, விட்டுட்டுப் போறதான்னு?"

"புள்ளையா?" என்றார் அக்கா. அவர் முகத்தில் எனக்குத் தெரிந்தது வெறும் ஆச்சரியம். "அதப் பத்தி ஒண்ணும் கேக்கலியே. போலாமா வாணாமான்னுதான் கேட்டா."

"என்கிட்ட கேட்டாக்கா. விட்டுட்டுப் போகட்டும்னு சொன்னேன்."

உள் அறையில் மருமகள் எதற்கோ சிரித்தாள். அக்கா என் தட்டில் இன்னொரு தோசையை வைத்தார், சட்னியை ஊற்றினார். பிறகு, "இரு இரு" என்றார். "கேட்டா. இப்பதான் ஞாபகம் வருது. ஆமா, கேட்டா. நான்தான் 'புள்ளய உட்டுட்டுப் போ தனம், எங்க போய் நிப்பியோ இன்னாவோ, நாங்க பாத்துக்கிறோம்'னு சொன்னேன். அதான் காலைல காலைல உனக்குத் தோச கொண்டாந்து குடுத்தேன். சும்மாவா குடுத்தேன்?"

"எப்ப கேட்டா? என்கிட்ட கேட்டதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதான். முன்னாடிதான் இருக்கணும். நான் சொல்லி முடிவு பண்ணிட்டுத்தான் உன்னாண்ட சும்மா கேட்டிருப்பா. நீ துன்னு."

அவர் கணவர் இப்போது எங்களைத் திரும்பிப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி டிவிக்கே திரும்பிக்கொண்டார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை.

நடந்துகொண்டே இதைத்தான் யோசித்தேன். தோசை உண்மை. அவர் தினமும் கொண்டுவந்தது உண்மை. வாக்குக் கொடுத்ததற்காகக் கொண்டுவந்திருக்கலாம், தாயில்லாத பிள்ளை என்ற இரக்கத்தில் கொண்டுவந்திருக்கலாம். "கேக்கலியே" என்று முதலில் சொன்னபோது அவர் பொய் சொல்லவில்லை என்று தோன்றுகிறது. "கேட்டா" என்று பிறகு சொன்னபோது என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். மறந்திருந்தது நினைவுக்கு வந்ததா, எனக்காக அந்த இடத்திலேயே உருவாக்கிய வாய்ப்பங்கா? கூட்டாமல் குறைக்காமல் சொல்லத் தெரியாதவர் அவர். அதற்காக அவர் சொல்வதெல்லாம் பொய் என்றும் ஆகாது. வாசலில் செருப்பைப் போடும்போது என் தோளில் கை வைத்து, "உன்னாலலாம் இல்லடா, நைனா" என்றார். நல்லவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். உண்மை தெரிந்தவர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஒன்று மட்டும் தீர்ந்தது, அந்தப் புத்தகத்தை நான் இனித் தேட வேண்டாம். கடை வாசலில் குவிந்திருந்த தாள்களைக் குனிந்து பார்க்காமல் வந்துவிட்டேன். ஆவடியில் நாவல்களைக் கயிற்றில் தொங்கவிட்ட கடைகளில் செல்போன் உறைகள் தொங்குகின்றன. டீச்சரம்மா இறந்துபோனார், மற்ற வீட்டுக்காரர்கள் ஓய்வு பெற்றுத் தத்தம் ஊருக்கோ பிள்ளைகளிடமோ போய்விட்டார்கள். ஒரு புத்தகத்தை நாலாகப் பிரித்தால்தான் எல்லோருக்கும் எட்டும் என்ற நிலைமை இப்போது யாருக்கும் இல்லை. அவரவர் போனில் அவரவர் கதை, முடிவைச் சொல்லாமல் அடக்கிக்கொண்டு எதிர் வீட்டில் உட்கார்ந்திருக்க ஒரு ஆள் வேண்டியதில்லை. ஃபேக்டரிக் குடியிருப்பில் பழைய பிளாக்குகளை இடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும், அங்கே கான்ட்ராக்ட் எடுத்தவர் தன் மகனுக்குத் தெரிந்தவர் என்றும், வேலை வேண்டுமானால் போய்ப் பார்க்கலாம் என்றும் கிளம்பும்போது ஜெயா அக்கா சொல்லியிருந்தார். வழக்கமாக ஒரு வேலை போனால் நான் ஊரை மாற்றுவேன். கரையான்சாவடிக்கு வந்து சேர்ந்தபோது ஓசூர்ப் பக்கம் போகும் வண்டியும் நின்றது, அதிலும் ஏறவில்லை.

மறுநாள் காலை ஆவடிக்குப் போனேன். ஜன்னல், கதவு, கிராதி எல்லாவற்றையும் இடிப்பதற்கு முன் கழற்றி அடுக்குகிற வேலை. எங்கள் வரிசைக்கு ஆட்கள் போய்ச் சேர இன்னும் சில வாரம் ஆகும் என்றார்கள். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா, ரெண்டு நாள் செஞ்சிட்டு ஓடிடுவியா? உன்ன மாதிரி நெறைய பேரப் பாத்துகினு கீறேன்."

"இல்லண்ணே. கடைசி பிளாக் வரைக்கும் நிப்பேன்" என்றேன். இதை நான் எந்த மேஸ்திரியிடமும் சொன்னதில்லை. அவர் நம்பவில்லை. கடப்பாரையை என் கையில் கொடுத்து, முதல் வீட்டின் கதவைக் காட்டினார்.